சீசன் வீடு

"உங்கப்பா முந்தாநாள் போனவர் இன்னும் வீட்டுக்கு வரலைம்மா" என்று பக்கத்து வீட்டு அக்கா போனில் சொன்னபோது, அவள் அப்போதுதான் விமானத்திலிருந்து இறங்கி, சக்கரப் பையை இழுத்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள். பின்னால் புரொப்பெல்லர் இன்னும் முழுதாக நிற்கவில்லை. காற்றில் பாதிப் பேச்சு போய்விட்டது. மீதிப் பாதியே போதுமானதாக இருந்தது.

சீருடையைக்கூட மாற்றாமல் அப்பாவின் ஊருக்குத் தேடப் போனாள். போலீசுக்குப் போவதற்கு முன்னால் பஸ் நிலையத்தைப் பார்த்துவிடலாம் என்று ஏனோ தோன்றியது. அங்கேதான் இருந்தார். ஓய்வுபெற்ற கண்டக்டர்களுக்குக் கொடுக்கும் இலவசப் பாஸைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிக்கு பஸ் ஏறிப் போவது, திரும்பி வருவது, களைத்தால் நிலையத்து பெஞ்சில் சாய்வது என்று இரண்டு நாளைக் கழித்திருக்கிறார். தாடி முளைத்திருந்தது. ஆனால் முகம் தெளிவாக இருந்தது.

"வீட்டுல உட்கார்ந்தா கால் அரிக்குது பாப்பா" என்றார், ஏதோ கடைக்குப் போய் வந்தவர்போல.

முப்பத்தாறு வயதில், நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு மேகத்துக்கு மேலே போய்வரும் துணை விமானியை அந்த நிலையத்தில் ஒருவர் "பாப்பா" என்று கூப்பிட்டதைக் கேட்டு, பூக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அம்மா போன வருடம் இறந்திருந்தாள். அண்ணன் வெளிநாட்டில். "நீதான் பக்கத்துல இருக்கியே" என்றான் போனில். பக்கம் என்று எதைச் சொல்கிறான் என்று அவளுக்குப் புரியவில்லை. அவள் வேலை பார்த்தது சிறு ஊர்களுக்குச் சின்ன விமானங்கள் ஓட்டும் ஒரு கம்பெனியில். சுற்றுலாக்காரர்கள் எந்தப் பக்கம் போகிறார்களோ அந்தப் பக்கம் கம்பெனியும் போகும். கோடையில் கடற்கரை, குளிரில் மலை. நாலு மாதத்துக்கு அங்கே ஒரு தளம் திறந்து, இரண்டு விமானங்களைக் கொண்டுபோய் நிறுத்தி, விமானிகளுக்கு வீடும் பிடித்துக் கொடுப்பார்கள். யார் எங்கே போவது என்பதில் ஆசையைக் கேட்பார்கள்; ஆனால் சீனியாரிட்டிப்படிதான் கொடுப்பார்கள். அவள் நடுவில் இருந்தாள். மேலே இருப்பவர்கள் வேண்டாம் என்று தள்ளியதுதான் அவளுக்கு வரும். இப்படியே எட்டு வருடம். லைசென்ஸில் போட்டிருந்த நிரந்தர முகவரி அப்பாவின் வீடு. அவளுக்கென்று இருந்தது ஒரு பை, அதற்குள் மடித்தால் மடங்குகிற அளவு வாழ்க்கை.

அந்த வாரம் அவளுக்குக் கடற்கரை ஊர் வந்தது.

"என்கூட வாங்கப்பா" என்றாள்.

"பஸ்ஸா, விமானமா?"

"விமானம்."

"அதுல நிக்க விடமாட்டாங்களே" என்றார் அப்பா. ஆனால் வந்தார்.

கம்பெனி பிடித்திருந்தது ஒரு மாடி வீடு. கீழே படகு மோட்டார் விற்ற கடை, மூடிக் கிடந்தது. மேலே ஒரு ஹால், இரண்டு படுக்கையறை, ஒரே குளியலறை. ஒவ்வொரு சீசனும் யார் யாரோ இருந்துவிட்டுப் போன வீடு. அலமாரியில் யாருடையதோ ஒற்றைக் காலுறை கிடந்தது. ஜன்னல்களில் கம்பளி மாதிரி தடித்த கறுப்புத் திரைகள். ராத்திரி விமானம் ஓட்டிவிட்டுப் பகலில் தூங்குகிறவர்களுக்காக மாட்டியவை. பெரிய அறையில் ஏற்கெனவே கேப்டன் வந்து இறங்கியிருந்தார்.

கேப்டனுக்கு ஐந்தடி உயரம்தான். விமானத்தில் இருக்கைக்கு முதுகில் ஒரு மெத்தை வைத்துத்தான் உட்காருவார். கம்பெனி முழுக்க அந்த அம்மாவுக்குக் "கடுகு" என்று பெயர். அது அவருக்கும் தெரியும்.

அப்பாவைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டு, அவளைச் சமையலறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். "லீவு நாள்ல விருந்தாளி வரலாம். குடியிருக்கக் கூடாது. ரூல் உனக்குத் தெரியும்."

"தெரியும் மேடம். வேற வழி இல்ல. வீடு பார்த்துடுறேன்."

"ஒரு வாரம் பார்க்கிறேன். உங்கப்பாவோட எனக்கு ஒரு வம்பும் இல்ல. என் தூக்கத்துல மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது. அவ்வளவுதான்."

அந்த வீட்டில் பகலிலும் இருட்டு. யாராவது ஒருத்தர் தூங்கிக்கொண்டே இருப்பார்கள்; மற்றவர்கள் பூனை மாதிரி நடப்பார்கள். அப்பாவுக்குப் பூனை நடை வராது. முப்பது வருடம் எஞ்சின் சத்தத்துக்கு மேலே பேசிய தொண்டை. "பாப்பா, பால் பொங்கிருச்சு!" என்று அவர் சாதாரணமாகச் சொன்னால் தெருவில் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிட்டார். சோஃபாவில் படுத்தால் அரை மணியில் எழுந்து, வாசற்கதவைத் திறந்து, படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே தலையை நீட்டி நின்றார்.

"இது வீடா, ஆஸ்பத்திரியா? ஜன்னலைத் திறந்தா யார் செத்துருவா?"

"மெதுவாப்பா. மேடம் தூங்குறாங்க."

"மத்தியானம் என்ன தூக்கம்?"

அவள் வீடு தேடினாள். பறக்காத நேரமெல்லாம் தெருத்தெருவாக நடந்தாள். சீசன் ஊரில் சீசன் சமயத்தில் வீடு தேடுவதைவிடக் குதிரைக்கொம்பைத் தேடலாம். இருந்த வீடெல்லாம் சுற்றுலாக்காரர்களுக்குப் போய்விட்டது. ஒரு வீட்டில் மொட்டைமாடித் தகரக் கொட்டகையைக் காட்டி "காத்து நல்லா வரும்" என்றார்கள். காற்று மட்டும்தான் வரும் என்று தெரிந்தது. திரும்பும்போது போனை எடுத்து, யார் எப்போது பறப்பது என்று சொல்லும் அடுத்த வார ரோஸ்டர் வந்துவிட்டதா என்று பார்ப்பாள். பார்த்து வைத்துவிட்டு, நாலு அடி நடந்து, மறுபடி எடுப்பாள். அவளுக்கும் தூக்கம் சரியில்லை. படுத்தால் ஹாலில் அப்பா எழுந்தாரா, கதவு திறந்ததா என்றே காது போனது.

அந்த வாரக் கடைசியில் குழாய் விஷயம் நடந்தது.

அன்று சாயங்காலம் அவளும் கேப்டனும் சேர்ந்து ஒரு விமானத்தை எடுத்துப் போகவேண்டும். போய், திரும்பி, மறுபடி போய், விடியும்போதுதான் முடியும். அதனால் கேப்டன் மத்தியானமே காதில் பஞ்சடைத்துக்கொண்டு படுத்துவிட்டார். அவளும் கொஞ்சம் தூங்கிவிட்டு, ஒரு வீட்டைப் பார்க்க ஓடினாள். குளியலறைக் குழாய் வந்த நாளிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. "இந்தச் சொட்டு என் மண்டைக்குள்ளேயே விழுது" என்று முந்தின நாள் கேப்டன் சொன்னதை அப்பா கேட்டிருக்கிறார். நல்லது செய்யத்தான் நினைத்தார். கடைக்குப் போய் ஒரு ஸ்பேனர் வாங்கி வந்தார். குழாய் அசையவில்லை, தட்டினார். மறுபடியும் அசையவில்லை; ஓங்கித் தட்டினார். துருப்பிடித்த பைப்பு சுவரோடு கழன்று வந்தது.

அவள் திரும்பி வந்தபோது படிக்கட்டிலேயே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியில் மொண்டு கொட்டிக்கொண்டிருந்தார். கேப்டன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். கால் இரண்டும் தண்ணீரில். தலைமுடி ஈரம். கோபமாக இருந்திருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். கேப்டன் கோபப்படவில்லை.

"எவ்வளவு நேரம் தூங்கினீங்க மேடம்?"

"அப்பத்தான் கண் அசந்தேன்."

"நான் ஆபீசுக்குப் பேசட்டுமா? கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லலாம். அதுக்குள்ள என் ரூம்ல…"

"இனிமே படுத்தாலும் வராது. எனக்கு என்னைத் தெரியும்." கேப்டன் போனை எடுத்தார். "நான் இன்னிக்கு ஓட்டல. களைப்பு. ஆமா, எழுதித் தர்றேன்." வைத்துவிட்டார்.

அப்பா வாளியோடு வாசலில் நின்றார். "யம்மா, நான்…"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்யா" என்றார் கேப்டன். "காலைத் துடைச்சிக்குங்க. வழுக்கும்."

அந்த ஊரில் மாற்றுக் கேப்டன் இல்லை. விமானம் ரத்தானது. துணை விமானி தயாராக இருக்கிறாளா என்று கேட்டால் காட்டுவதற்காக அவள் சீருடை போட்டுக்கொண்டு விமான நிலையத்துக்குப் போனாள். போகும்போதுதான் கவனித்தாள்; அப்பா வீட்டில் இல்லை.

நிலையம் என்பது ஒரு பெரிய ஹால்தான். பயணிகள் மேசையை மொய்த்துக்கொண்டிருந்தார்கள். தளத்துப் பொறுப்பாளர் மைக்கைப் பிடித்து, "இயக்கம் தொடர்பான தவிர்க்க முடியாத காரணத்தினால்" என்று ஆரம்பித்தார்.

"அதெல்லாம் இல்லீங்க!" என்று ஒரு குரல் கேட்டது. மைக் இல்லாமலே ஹால் முழுக்க நிறைந்த குரல். "காரணம் நான்தான்!"

அப்பா கூட்டத்துக்கு நடுவில், இன்னும் ஈரம் காயாத வேட்டியோடு, கையில் ஸ்பேனருடன் நின்றார்.

"விமானத்துல ஒரு கோளாறும் இல்ல. பயப்படாதீங்க. ஓட்டுற அம்மா தூங்கிட்டிருந்தாங்க. நான்தான் குழாயைச் சரி பண்றேன்னு தட்டி அவங்க தூக்கத்தைக் கெடுத்துட்டேன். தூங்காம ஓட்டமாட்டேன்னு சொல்லிட்டாங்க. அது நியாயம்தானே? திட்டுறதுன்னா என்னைத் திட்டுங்க. இவங்களைத் திட்டாதீங்க."

எல்லாரும் சேர்ந்து பேசினார்கள். "உன்னை யாருய்யா குழாயைத் தொடச் சொன்னது?" என்று ஒரு பெரியவர் எகிறினார். கைக்குழந்தையோடு இருந்த ஒருத்தி, நாளைக் காலையில் தனக்கு ஆபரேஷன் தேதி, இதற்கு யார் பதில் சொல்வது என்று அழ ஆரம்பித்தாள். அப்பாவின் முகம் அப்போதுதான் மாறியது. திட்டை வாங்கிக்கொள்ளத் தயாராக வந்தவர், அழுகைக்குத் தயாராக வரவில்லை. பின்னால் ஒருவர், முதலில் மெயின் வால்வை மூடியிருக்கவேண்டும் என்று விளக்க ஆரம்பித்தார். இன்னொருவர், துருப்பிடித்ததைத் தட்டவே கூடாது, எண்ணெய் விட்டு ஊறவிட வேண்டும் என்றார். எங்கோ ஒரு சிரிப்பு வெடித்தது.

பொறுப்பாளர் மட்டும் சிரிக்கவில்லை. கூட்டத்துக்கு மேலாக அவளைப் பார்த்தார். அவள் தன் காலணியைப் பார்த்தாள்.

பயணிகளை அனுப்ப கம்பெனி ஒரு பஸ்ஸை வரவழைத்தது. பஸ்ஸுக்குச் சொந்தக்காரியே, ஊரில் பஸ்காரம்மா என்பார்கள், தானே ஓட்டிக்கொண்டு வந்தாள். கூட வரவேண்டிய ஆள் வரவில்லை. எல்லாரும் ஒரே சமயத்தில் கதவில் முட்டினார்கள். அப்பா எப்போது அங்கே போனார் என்று தெரியவில்லை. படியில் ஒரு கால், தரையில் ஒரு கால்.

"கொழந்த வச்சிருக்கிற அம்மா முதல்ல! பெட்டி பின்னாடி, ஆள் முன்னாடி! ஐயா, திட்டுறதை உள்ள உட்கார்ந்து திட்டுங்க, ராத்திரி பூரா நேரம் இருக்கு!"

கதவு சாத்தியது. பஸ் கிளம்பியது. அப்பாவும் போய்விட்டார். அவள் சீருடையோடு, ஓட்ட விமானம் இல்லாமல், வாசலில் நின்றாள். போன் அடித்தது.

"பாப்பா, நான் இவங்களைக் கொண்டுபோய் விட்டுட்டு வந்துடுறேன். அந்தப் பொண்ணை ஆஸ்பத்திரி வாசல்லயே எறக்கிவிடச் சொல்லியிருக்கேன். கதவைப் பூட்டிட்டுப் படு."

மறுநாள் பொறுப்பாளர் அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லாமலே பேசினார். இனி ஒரு ராத்திரிகூட அப்பா அந்த வீட்டில் தங்கக் கூடாது. எச்சரிக்கை அவள் கோப்பில் ஏறும். அவள் கேப்டனிடம் வந்து மன்னிப்புக் கேட்டாள்.

"தூங்கலைன்னுதான் எழுதினேன். ஏன்னு எழுதல" என்றார் கேப்டன். "உன்னைக் காட்டிக் கொடுக்க வேண்டாம்னு பார்த்தேன். உங்கப்பா ஊரையே கூட்டிச் சொல்லிட்டாரு." பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பினார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று அவள் பயந்துபோய் எட்டிப் பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் அப்பா வந்தார். கூடவே பஸ்காரம்மாவும் வந்தாள். ஐம்பது வயதிருக்கும், கையெல்லாம் கிரீஸ். விமான நிலையத்துக்கும் படகுத்துறைக்கும் நடுவில் அவளுக்கு இரண்டு வண்டி ஓடிக்கொண்டிருந்தது. கூட நிற்க நல்ல ஆள் கிடைக்கவில்லை என்றாள்.

"இவரை விடுறதா இல்லம்மா நான். வழி பூரா நாப்பது பேரைச் சிரிக்க வச்சே கொண்டுவந்து சேர்த்துட்டாரு. ஷெட்டுக்குப் பின்னாடி ரெண்டு ரூம் சும்மா கிடக்கு. நீயும் வந்து இரேன்."

இப்படித்தான் அவளுக்கு வீடு கிடைத்தது. அந்த ஊரையே சலித்துப் பார்த்தும் கிடைக்காத வீடு, குழாய் உடைத்தவருக்கு வேலையோடு சேர்ந்து கிடைத்தது.

அப்பா வாடகைக்கு இருந்த பழைய வீட்டைக் காலி செய்துவிட்டார்கள். புது அறைகளில் டீசல் வாடை. விடியற்காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் பஸ் பின்வாங்கும். அப்பா அந்தச் சத்தத்துக்கு முன்னாலேயே எழுந்து, சவரம் செய்து, தலையைப் படிய வாரிக்கொண்டு கிளம்பிவிடுவார். சாயங்காலம் வந்து, படுத்தவுடன் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினார். ஜன்னல் திறந்து கிடந்தது. கதவுப் பக்கம் யாரும் எழுந்து போகவில்லை. இனி அவளும் தூங்கியிருக்கலாம். ஆனால் அவள்தான் விழித்துக் கிடந்தாள். அப்பாவின் குறட்டையைக் கேட்டுக்கொண்டு, தலையணையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தி, பிறகு சுவர்ப் பக்கம் நகர்த்தி.

"என்ன பாப்பா, கட்டிலுக்கு ஊர் சுத்திக் காட்டுறியா?" என்றார் ஒரு காலையில்.

அந்த வருடம் மழை முன்னாலேயே பிடித்துக்கொண்டது. கடல் சீறியது, படகு நின்றது, சுற்றுலாக்காரர்கள் கலைந்தார்கள். கம்பெனியும் தளத்தைச் சீக்கிரமே மூடியது. விமானங்கள் மலை ஊருக்கு. அவளும் கேப்டனும் மலை ஊருக்கு. அடுத்த வாரமே போய்ச் சேரவேண்டும்.

அவள் சாமான் கட்டுவதில் தேர்ந்தவள். தன்னுடையதை முடித்துவிட்டு அப்பாவின் சட்டைகளை எடுத்தாள்.

"என் சட்டையை எதுக்கு மடிக்கிற?"

"மலைல குளிரும். ஸ்வெட்டர் வாங்கணும் உங்களுக்கு."

"நான் வரல."

அவள் சட்டையைப் பாதி மடிப்பில் பிடித்தபடி நிமிர்ந்தாள். "சீசன் முடிஞ்சிருச்சுப்பா. இங்க இனி யாரும் வரமாட்டாங்க. பஸ் யாருக்கு ஓட்டுவீங்க?"

"ஐஸ் கம்பெனிக்கு ஆள் ஏத்தணும். ஸ்கூலுக்கு ஒரு வண்டி போகுது. ஊர்னு ஒண்ணு இருந்தா ஆளுங்க போயிட்டு வந்துட்டுதான் இருப்பாங்க. நீங்க விமானத்தை எடுத்துட்டுப் போனா ஊர் மூடிருமா?"

"உங்களுக்காகத்தான் அங்க வீடு கேட்டிருக்கேன். தனி வீடு. கம்பெனிகிட்ட சண்டை போட்டு வாங்கியிருக்கேன்."

"நாலு மாசத்துக்கு."

"ஆமா, நாலு மாசத்துக்கு."

"அப்புறம்?"

அவள் சட்டையின் மீதி மடிப்பை மடித்தாள்.

அப்பா சட்டையை அவள் கையிலிருந்து வாங்கி ஆணியில் மாட்டினார். "உங்கம்மா போனப்புறம் எனக்கு ஒரு இடத்துல இருப்பே கொள்ளல பாப்பா. எங்க போனாலும் அடுத்து எங்கன்னு இருந்துச்சு. இங்க வந்துதான் அது கொஞ்சம் அடங்கியிருக்கு. அதைக் கிளப்பி விடாத."

"உங்களைத் தனியா விட்டுட்டுப் போனா அண்ணன் என்ன சொல்வான்?"

"அவன் என்ன சொல்வான்? 'நீதான் பக்கத்துல இருக்கியே'ம்பான்."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரம்தான் முந்திக்கொண்டது. "அப்போ நான் எங்க வர்றது? லீவு விட்டா எல்லாரும் வீட்டுக்குப் போறாங்க. உங்க பழைய வீட்டையும் காலி பண்ணியாச்சு. நான் எங்க வர்றது சொல்லுங்க?"

அவள் குரல் உடைந்தது அவளுக்கே கேட்டது. அப்பா அதை எதிர்பார்க்கவில்லை. இத்தனை நாள் தன்னைத்தான் அவள் பார்த்துக்கொள்கிறாள் என்று அவரும் நினைத்திருந்தார்.

"இங்க வா" என்றார்.

"சீசன் முடிஞ்சா இந்த ஊருக்கு விமானமே கிடையாதுப்பா."

"பஸ் இருக்குல்ல?"

கிளம்பும் நாளில் அவர் வேலையில் இருந்தார். பஸ் படியில் நின்று கையை ஆட்டினார். அது வழியனுப்பலா, பின்னால் வந்த லாரிக்கு வழிவிடும் சைகையா என்று அவளுக்குத் தெளிவாகத் தெரியவில்லை.

மலை ஊரில் வீடு ஒரு சரிவில் இருந்தது. தனி வீட்டுக்கு இனி காரணம் இல்லாததால் அவளே அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மறுபடியும் கேப்டனோடு பகிர்ந்துகொண்டாள். முதல் விடுமுறையில் எங்கும் போகவில்லை. அறையில் மேசையை இடம் மாற்றினாள். கடைவீதி முழுவதும் நடந்தாள், எதுவும் வாங்காமல். அப்பாவுக்கு போன் செய்தாள். "அப்புறம் பேசுறேன் பாப்பா, ஸ்கூல் விடுற நேரம்" என்று வைத்துவிட்டார்.

கேப்டன் தேநீர்க் கோப்பையோடு வாசலில் வந்து நின்றார். "நாளைக்கும் இப்படியே குறுக்க நெடுக்க நடக்கப்போறியா?"

"இல்ல மேடம்…"

"நடக்கிறதுன்னா வேற எங்கயாவது போய் நட. எனக்குத் தலை சுத்துது."

அடுத்த விடுமுறையில் அவள் பஸ் ஏறினாள். விமானத்தில் காபி ஆறுவதற்குள் முடிந்துபோகும் தூரம், மலையை வளைந்து வளைந்து இறங்கி, இரண்டு இடத்தில் மாறி, முழங்கால் மடங்கி, ஒரு ராத்திரியையும் ஒரு காலையையும் தின்றது. பக்கத்தில் உட்கார்ந்தவர் என்ன வேலை என்று கேட்டார். "டிரைவர்" என்றாள்.

ஷெட்டில் பஸ்காரம்மா சாவியை எடுத்துக் கொடுத்தாள். அப்பா வண்டியோடு போயிருந்தார். உள்ளே ஜன்னல் திறந்திருந்தது. பக்கத்து அறையில் அவளுக்கென்று ஒரு கட்டில் போட்டு, விரிப்பும் விரித்திருந்தது. சும்மா சாயலாம் என்று படுத்தாள்.

விழித்தபோது எந்த ஊர் என்று தெரியவில்லை. வெயில் சாய்ந்திருந்தது. அப்பா வாசற்படியில் உட்கார்ந்து காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"மத்தியானம் என்ன தூக்கம்?" என்றார். குரலை வெகுவாகத் தணித்துத்தான் சொன்னார். சுவர்ப்பக்கம் நின்ற பஸ்காரம்மா திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "எப்ப கிளம்புற?"

"நாளைக்குப்பா."

"சரி. அப்ப இன்னும் நேரம் கிடக்கு" என்று பாயை உதறிப் போட்டு, காலை நீட்டிப் படுத்தார். சற்று நேரத்தில் குறட்டை வந்தது.

அவள் எழுந்து முகம் கழுவினாள். நாளைக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று பஸ்காரம்மாவிடம் கேட்க வாசல்வரை போனாள். கேட்காமல், அப்பாவின் தலைமாட்டில் வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து கால் அரித்தது; மறுபடியும் எழுந்தாள்.